ஐந்தில் பதினேழை எப்படி எடுப்பது?

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாக மாற்றும் பாடத்தை மூன்று நாள் நடத்தினேன். தொகுதியைப் பகுதியால் வகுக்க வேண்டும், ஈவை முன்னால் எழுத வேண்டும், மீதியை மேலே எழுத வேண்டும், பகுதியை அப்படியே கீழே எழுத வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு இருபது கணக்குகள் செய்ய வைத்தேன். அன்று ஏறக்குறைய எல்லோருமே சரியாகச் செய்தார்கள். பத்து நாள் கழித்து ஒரு சிறு தேர்வில் 17/5 கொடுத்தால், 2 3/5, 3 2/3, 3 5/2, 3.2 என்று நான்கு விதமான தவறான விடைகள் வருகின்றன. ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், ஐந்தில் எப்படிப் பதினேழை எடுக்க முடியும்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மறக்காமல் இருக்க ஏதாவது சுருக்குவழி உண்டா? பாதிப் பேருக்கு வகுத்தலே தடுமாறுகிறது. வாய்ப்பாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டுமா?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் கேள்விகளில் மிகச் சிறந்தது அந்த மாணவன் கேட்டதுதான். அவனை நாளைக்கே வகுப்பில் எழுப்பிப் பாராட்டுங்கள். நாம் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தில் உள்ள ஓட்டையை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

பின்னம் என்றால் என்ன என்று சிறு வகுப்பில் எப்படிச் சொல்கிறோம்? ஒரு முழுமையைச் சம பங்குகளாகப் பிரித்து, அவற்றில் சிலவற்றை எடுப்பது என்கிறோம். 3/5 என்றால் ஐந்து பங்கில் மூன்று. தமிழில் கீழே இருக்கும் எண்ணைத்தான் முதலில் வாசிக்கிறோம்: 'ஐந்தில் மூன்று'. தகு பின்னம் வரைக்கும் இந்த வாசிப்பு அருமையாகப் பொருந்துகிறது. 17/5 வந்தவுடன் அதே வாக்கியம் 'ஐந்தில் பதினேழு' என்று ஆகிவிடுகிறது. ஐந்து பங்குதான் இருக்கிறது, அதில் பதினேழை எடு என்றால் எந்தக் குழந்தைக்குத்தான் குழப்பம் வராது? பொருளைத் தேடுகிற குழந்தை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. பொருள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிற குழந்தை வகுக்கத் தொடங்கிவிடுகிறது. பத்து நாள் கழித்து உங்களுக்கு வந்த நான்கு விடைகளும் இந்த இரண்டாவது வகைக் குழந்தைகள் எழுதியவை. அவர்கள் விதியை மறக்கவில்லை. ஈவு, மீதி, பகுதி என்ற மூன்று எண்களும் அவர்கள் கையில் இருக்கின்றன. எதை எங்கே வைப்பது என்று சொல்ல அந்த எண்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஆகவே சுருக்குவழி தேட வேண்டாம் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். இன்னொரு விதியைக் கொடுத்தால், மறப்பதற்கு இன்னொன்று கூடும்.

மாற்ற வேண்டியது வாசிப்பை. பகுதி என்பது துண்டின் பெயர். தொகுதி என்பது அந்தத் துண்டு எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கை. 17/5 என்பதை 'ஐந்திலொன்று பதினேழு' என்று வாசிக்கச் சொல்லுங்கள். 'ஐந்திலொன்று' ஒரே சொல்லாக ஒலிக்க வேண்டும். மீட்டர், லிட்டர் என்பதுபோல அதுவும் ஓர் அளவின் பெயராகக் காதில் விழ வேண்டும். பதினேழு மீட்டர் இருக்கலாம், பதினேழு லிட்டர் இருக்கலாம், பதினேழு ஐந்திலொன்றும் இருக்கலாம். ஐந்தோடு நின்றுவிட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 'பதினேழு பை ஐந்து' என்ற வாசிப்பைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள். அது இரண்டு தனித்தனி எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல ஒலிக்கிறது. துண்டு என்ற எண்ணமே அதில் வருவதில்லை.

இதற்கு ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்குங்கள். அன்று நோட்டு வேண்டாம், பென்சில் வேண்டாம். வகுப்பு முழுவதும் சேர்ந்து எண்ணட்டும்: ஐந்திலொன்று, ஐந்திலொன்று இரண்டு, ஐந்திலொன்று மூன்று... ஐந்தாவதில் கையை உயர்த்தி நிறுத்துங்கள். "இப்போது நம்மிடம் எவ்வளவு இருக்கிறது?" "ஒன்று." பிறகு ஆறு, ஏழு என்று தொடருங்கள். பத்தில் மறுபடி நிறுத்துங்கள். "இப்போது?" "இரண்டு." இப்படிப் பதினேழு வரைக்கும் போய் நின்றால், கடைசியாக மூன்று என்று சொன்ன பிறகு எத்தனை துண்டு எண்ணினோம் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மறுநாள் மூன்றிலொன்று, அடுத்த நாள் எட்டிலொன்று. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது துண்டின் பெயரிலேயே இருக்கிறது என்பதை அவர்கள் காதாலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

எண்ணுவதோடு கைக்கும் வேலை கொடுங்கள். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள காகிதப் பட்டை, அதில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. ஆளுக்கு நான்கு பட்டை போதும். மடித்தே செய்ய வேண்டுமானால் நான்கும் எட்டும் எளிது. ஐந்தாக மடிப்பது பெரியவர்களுக்கே சரியாக வராது, அதனால் அளவுகோலைப் பிடித்துக் கோடு போடச் சொல்லுங்கள்.

இந்தப் பட்டை வேலையில் ஒரு குழி இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்னால் என் வகுப்பில் நானே அதில் பிள்ளைகளை இறக்கிவிட்டேன். இரண்டு பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒவ்வொன்றையும் நான்கு பங்காகப் பிரித்து, முதல் பட்டை முழுவதையும் இரண்டாவதில் ஒரு பங்கையும் வண்ணம் தீட்டினேன். "எவ்வளவு தீட்டியிருக்கிறேன்?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி தயங்காமல் "எட்டில் ஐந்து" என்றாள். தவறு என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவள் கண்ணுக்கு எதிரே எட்டுப் பெட்டி, அதில் ஐந்து வண்ணம். நான் கற்றுக்கொடுத்தபடிதான் அவள் எண்ணியிருந்தாள். எது ஒன்று என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு பட்டையும் சேர்ந்து ஒன்று என்று எடுத்துக்கொண்டால் அவள் விடை முழுக்கச் சரி. அன்று முதல், பின்னப் பாடம் நடக்கும் எல்லா நாளும் கோடு எதுவும் போடாத ஒரு பட்டையைக் கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டி, அதன்மேல் '1' என்று எழுதி வைப்பேன். விடை சொல்லும் முன்னால் ஒவ்வொருவரும் அந்தப் பட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பட்டை இருக்கட்டும். 5/4 எழுத வேண்டிய இடத்தில் 5/8 வருவது இந்தப் பாடத்தின் மிக ஆழமான தவறு. உங்கள் தேர்வில் அது தெரியாமல் போனதற்குக் காரணம், படம் எதுவும் கேட்காமல் எண்ணை மட்டும் கேட்டதாக இருக்கலாம்.

அடுத்தது எண்கோடு. 0, 1, 2, 3, 4 என்று குறித்து, ஒவ்வோர் இடைவெளியையும் ஐந்தாகப் பிரித்து, பதினேழாவது கோட்டில் விரல் வைக்கச் சொல்லுங்கள். விரல் மூன்றைத் தாண்டி இரண்டு கோடு தள்ளி நிற்கிறது. இதைச் சில முறை செய்தபின், கோடு வரையாமலே கேளுங்கள்: 17/5 எந்த இரண்டு முழு எண்களுக்கு நடுவில்? பதினைந்து துண்டு மூன்று ஆகும், இருபது துண்டு நான்கு ஆகும், ஆகவே மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். இந்த ஒரு மதிப்பீட்டைச் செய்யத் தெரிந்த குழந்தை 2 3/5 என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்காது.

இவ்வளவுக்கும் பிறகுதான் எழுத்து. அதுவும் முதலில் வகுத்தலாக வேண்டாம்.

17/5 = 5/5 + 5/5 + 5/5 + 2/5 = 1 + 1 + 1 + 2/5 = 3 2/5

இந்த வரியைப் பிள்ளைகள் அலுத்துப்போகும் வரைக்கும் எழுதட்டும். அந்த அலுப்புக்கு நல்ல பயன் உண்டு. 17/5 இலிருந்து 43/5 க்குப் போகும்போது எட்டு முறை 5/5 எழுத வேண்டியிருக்கும். யாராவது ஒருவர் "இதை வகுத்தே கண்டுபிடித்துவிடலாமே" என்று சொல்லிவிடுவார்கள். அதை நீங்கள் சொல்லுவதற்கும் அவர்கள் சொல்லுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அப்போது ஈவு என்றால் எத்தனை முழுமை கிடைத்தது, மீதி என்றால் முழுமை ஆகாமல் எத்தனை துண்டு நின்றது என்று அந்தச் சொற்களுக்குப் பொருள் வந்துவிடும். மீதியாக நின்றவையும் ஐந்திலொன்றுகளே. துண்டு மாறவில்லை என்பதால் பகுதியும் மாறவில்லை. 'பகுதியை அப்படியே எழுது' என்று மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

வகுத்தல் தடுமாறுகிறவர்களுக்காக வாய்ப்பாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போக வேண்டாம். வாய்ப்பாட்டுப் பயிற்சி தனியாக, தினமும் ஐந்து நிமிடம் நடக்கட்டும். அதை முடித்த பிறகுதான் பின்னம் என்று நிறுத்தி வைத்தால், அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னமே கிடைக்காது. 87/4 என்று கொடுத்தால், தெரிந்ததிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நாற்பது துண்டு பத்து ஆகும், எண்பது துண்டு இருபது ஆகும், மீதம் ஏழு துண்டு, அதில் நான்கு சேர்ந்து ஒன்று, மூன்று நிற்கிறது. விடை 21 3/4. நீள் வகுத்தலில் பத்துத் தவறு செய்கிற பையன்கூட இப்படிப் போய்ச் சேர்ந்துவிடுவான். உண்மையில் அவன் செய்திருப்பதும் வகுத்தல்தான்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 17/5 க்கு இன்னொரு பொருளும் உண்டு: பதினேழு முழுப் பட்டைகளை ஐந்து பேருக்குப் பகிர்வது. ஆளுக்கு மூன்று போக, இரண்டு முழுப் பட்டை மிஞ்சும். அந்த இரண்டையும் ஒவ்வொன்றாக ஐந்தாக வெட்டிக் கொடுத்தால் ஆளுக்கு 2/5. விடை அதே 3 2/5 தான். ஆனால் இங்கே மீதியாக நிற்கும் 2 முழுப் பட்டைகளைக் குறிக்கிறது. முன்பு சொன்ன முறையில் மீதி 2 துண்டுகளைக் குறித்தது. இரண்டும் அழகான எண்ணங்கள், இரண்டையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டையும் கலந்து சொன்னால், மீதி என்பது என்ன என்ற கேள்விக்கு அவர்களிடம் தெளிவான பதில் இருக்காது. முதலில் துண்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பது. பகிர்வதை ஒரு மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்களுக்கு வந்த நான்கு விடைகளைப் பார்ப்போம். நான்குக்கும் ஒரே திருத்தம் போட்டுவிடாதீர்கள். 2 3/5 எழுதியவர் ஈவையும் மீதியையும் இடம் மாற்றியிருக்கிறார். மதிப்பீடு செய்யப் பழகினால் இது தானே சரியாகிவிடும். 3 2/3 எழுதியவர் ஈவை இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறார். "உன் கையில் மிஞ்சிய துண்டின் பெயர் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். 3 5/2 எழுதியவர், தகு பின்னம், தகா பின்னம் என்ற வேறுபாட்டையே இன்னும் பிடிக்கவில்லை. கலப்பு பின்னத்தில் நிற்கும் பின்னம் ஒன்றைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள் இன்னும் முழுமை ஒளிந்திருக்கிறது. அவரைப் பட்டைக்குத் திருப்பி அழைத்துச் செல்லுங்கள். 3.2 எழுதியவரை நிதானமாகக் கவனியுங்கள். அவர் மீதியைப் புள்ளிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். 3.2 என்பது மூன்றும் பத்திலிரண்டும். நமக்கு வேண்டியது மூன்றும் ஐந்திலிரண்டும், அதாவது 3.4. துண்டின் பெயர் பத்திலொன்றாக மாறிவிட்டதை அவர் பார்க்கவில்லை. இவர்களில் தசம எண்களிலும் சிக்கிக்கொள்ளப் போகிறவர் இவர்தான்.

எழுதும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 3 2/5 என்று எழுதும்போது மூன்றுக்கும் பின்னத்துக்கும் நடுவில் ஒரு கூட்டல் குறி ஒளிந்திருக்கிறது. யாரும் அதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. இயற்கணிதம் படிக்கும்போது, எழுத்துக்கு முன்னால் எண்ணைப் போட்டால் பெருக்கல் என்று சொல்லப் போகிறோம். அப்போது 3 2/5 ஐயும் பெருக்கிவிடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் நமக்கு இங்கே பெரிய உதவி செய்கிறது. மூன்றேகால், ஒன்றேமுக்கால் என்று நாம் சொல்லும்போது நடுவில் வரும் அந்த ஏகாரம்தான் கூட்டல். 'மூன்று, அதோடு கால்' என்பதைத்தான் அது சொல்கிறது. 7/4 மணி நேரம் என்று கேட்டால் விழிக்கிற குழந்தை, ஒன்றேமுக்கால் மணி நேரம் என்றால் 105 நிமிடம் என்று கணக்குப் போட்டுவிடும். வீட்டில் கேட்டுப் பழகிய அந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஏகாரத்தின் கீழே ஒரு கூட்டல் குறி போட்டுக் காட்டுங்கள். கலப்பு பின்னம் அவர்களுக்குப் புதிதே இல்லை, அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தெரியும்போது வகுப்பின் முகமே மாறிவிடும்.

முழு எண்ணை இடப்பக்கம் வைப்பது ஒரு வழக்கம், அவ்வளவுதான். 1202 இல் ஃபிபொனாச்சி எழுதிய கணக்கு நூலில் பின்னம் இடப்பக்கமும் முழு எண் வலப்பக்கமும் இருக்கும். கேள்வி கேட்கிற உங்கள் மாணவனுக்கு இதைச் சொல்லுங்கள், மிகவும் மகிழ்வான். கையெழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: முழு எண்ணைச் சிறியதாக எழுதினால் 3 2/5 என்பது 32/5 ஆகத் தெரியும், அதன் மதிப்பு ஆறுக்கும் மேல். முழு எண்ணைப் பெரியதாக, பின்னக் கோட்டுக்கு நேராக எழுதச் சொல்லுங்கள்.

'தகா' என்ற சொல்லைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தகாத செயல், தகாத சொல் என்று கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, தகா பின்னம் என்றால் ஏதோ தவறு நடந்துவிட்டது, அதை உடனே திருத்த வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. பாடநூலின் சொல்லை நாம் மாற்ற முடியாது. ஆனால் அதில் குற்றம் ஏதும் இல்லை என்று சொல்லலாம். அளக்கவும் ஒப்பிடவும் கலப்பு பின்னம் வசதி. பெருக்கவும் வகுக்கவும் தகா பின்னம்தான் வசதி. 2 1/2 ஐ 3 1/2 ஆல் பெருக்கச் சொன்னால், இரண்டையும் மூன்றையும் பெருக்கி, அரையையும் அரையையும் பெருக்கி 6 1/4 என்று எழுதிவிடுவார்கள். 5/2 × 7/2 என்று மாற்றினால் 35/4, அதாவது 8 3/4. இரண்டரை வேறுபாடு வந்துவிட்டதைக் காட்டுங்கள். வினாவில் கேட்காதபோது விடையைத் தகா பின்னமாக விட்டதற்காக மதிப்பெண் குறைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பாடத்தை அடித்தளத்தோடு கற்ற பிள்ளைகள் கழித்தலில் பிழைத்துக்கொள்வார்கள். 4 1/5 இலிருந்து 1 3/5 ஐக் கழிக்கும்போது, ஒன்றைக் கடன் வாங்கிப் பத்து என்று எண்ணி 3 11/5 எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பத்து ஏன்? முழு எண்களில் அப்படித்தான் வாங்கினார்கள். இங்கே உடைக்கப்படும் ஒன்று, ஐந்து துண்டாக உடைகிறது. 4 1/5 என்பது 3 6/5 ஆகும், விடை 2 3/5. துண்டை எண்ணிப் பழகியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்திசையில் மாற்றுவதற்கு முழு எண்ணைப் பகுதியால் பெருக்கித் தொகுதியைக் கூட்டு என்று ஒரு வட்ட அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். அது விடையைச் சரிபார்க்க நல்ல கருவி. மூன்று முழுமையில் எத்தனை ஐந்திலொன்று இருக்கும் என்று கேட்டு, பதினைந்து என்று அவர்களே சொன்ன பிறகு அம்புக்குறியைப் போடுங்கள்.

பயிற்சிக் கணக்குகள் கொடுக்கும்போது எல்லாம் ஒரே அச்சில் இருக்க வேண்டாம். 20/5 ஐ நடுவில் வையுங்கள். 4 0/5 என்று எழுதுகிறவர்கள் யார் என்று தெரியும். 3/5 ஐயும் வையுங்கள். பழக்கத்தில் தலைகீழாக வகுத்து 1 2/3 என்று எழுதுகிறவர்கள் தெரிவார்கள். 10/4 வந்தால் 2 2/4 என்பதையும் இரண்டரை என்பதையும் இரண்டையுமே ஏற்றுக்கொண்டு, இரண்டும் எப்படி ஒன்று என்று பேச வையுங்கள்.

நாளை வகுப்புக்குப் போனவுடன் 23/6 என்று எழுதிப்போடுங்கள். வகுக்கச் சொல்ல வேண்டாம். எந்த முழு எண்ணுக்கு மிக அருகில் என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்லிவிட்டு உட்காருகிறவரை உட்கார விடாமல், காரணத்தையும் கேளுங்கள். "இருபத்துநான்கு துண்டு இருந்தால் நான்கு. இதில் ஆறிலொன்று ஒன்றே ஒன்று குறைகிறது" என்று ஒரு குழந்தை சொல்லி, மற்றவர்கள் அதை ஒத்துக்கொண்டால், அன்றைக்கே வகுத்தல் முறையைத் தொடங்கிவிடலாம். அப்படி யாரும் சொல்லவில்லையென்றால், இன்னும் இரண்டு நாள் எண்ணுங்கள்.